ஒற்றைத் தோட்டுக்குச் சோடி

வேலையிலிருந்து என்னை வழியனுப்பின அன்று பல் லாப்பிலிருக்கிற பிள்ளைகள் கேக் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து கதிரைகளை ஒதுக்கும்போது ஒருத்தி கேட்டாள்: "யோகாக்கா, இவ்வளவு காலத்தில எத்தினை பல்லுச் செய்திருப்பீங்கள்?"

எனக்குத் தெரியவில்லை. ஆர் எண்ணினது? வவுனியாச் சந்தையில் எதிரே வருகிற ஒருவர் சிரித்தால், அந்த முன்பல் நான் செய்து கொடுத்தது என்று சிலவேளை கண்டுபிடிப்பேன். கண்டும் காணாத மாதிரி மரக்கறி பார்ப்பேன். அடுத்தவரின் வாயைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் ஒழுங்கு. பூக்களைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் செய்த பூக்கள் கொஞ்சம்தான். எல்லாம் நினைவில் இருக்கின்றன.

அதைச் சொன்னதும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பல் செய்கிற லாப்பில் பூ எங்கே வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. இப்போது அங்கே கணினியோடு பூட்டின மெசின் ஒன்று இருக்கிறது. வாயை எடுத்த படத்தைப் பார்த்து, ஒரு வெள்ளைக் கட்டியிலிருந்து பல்லைச் சீவித் தருகிறது. நல்ல பல்தான், நான் குறை சொல்ல மாட்டேன். அது ஐந்து வருசம் முந்தி வந்திருந்தால் என் கண்ணும் கழுத்தும் தப்பியிருக்கும். ஆனாலும் பிள்ளைகள் விடவில்லை. "அந்தப் பூக் கதையை எழுதித் தாங்கோ அக்கா" என்றார்கள். அதுதான் இது.

நான் உருத்திரபுரத்துப் பிள்ளை. ஐயாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்து வயல் செய்தவர்கள். வாய்க்காலில் தண்ணி வருகிறதா என்பதற்கு மேல் எங்கள் வீட்டில் பெரிய கதை இருந்ததில்லை. கொழும்பில் பல் டெக்னீசியன் படிப்புக்கு இடம் கிடைத்தபோது ஐயா கேட்டது ஒன்றுதான்: "பல்லுப் பிடுங்கிற வேலையோ?" "இல்லை ஐயா, பிடுங்கின இடத்துக்குச் செய்து குடுக்கிற வேலை." "அப்ப நல்லது, போ." படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மெழுகு, சாந்து, அச்சு, திரும்பவும் மெழுகு. பிறகு சில வருசம் ஆஸ்பத்திரிகளில் முழுப்பல் கட்டி, இடம்பெயர்ந்து, கடைசியில் வவுனியாவில் ரசீன் நானாவின் லாப்பில் போய்ச் சேர்ந்தேன்.

ரசீன் நானா முல்லைத்தீவு ஆள்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். அவருடைய வாப்பா பட்டினத்தில் பான்சிக் கடை வைத்திருந்தவர். வளையல், றிபன், பவுடர், சாந்துப்பொட்டு, அதோடு கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிநாட்டுப் பீங்கான் பூ நகைகள். ரோசாப்பூத் தோடு, பூங்கொத்து மாதிரிச் சாரிப் பின். அச்சில் வார்த்ததல்ல, ஒவ்வொரு இதழும் கையால் நசித்துச் சேர்த்தது. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினபோது அந்தக் குடும்பம் எல்லாவற்றையும் விட்டுப் புத்தளம் போனது. நானா அங்கேயிருந்து பல் வேலை படித்து, வவுனியாவில் லாப் போட்டார். கடையிலிருந்து அவர் கையோடு கொண்டுபோனது எதுவுமில்லை.

நான் சேர்ந்த அன்று அவர் எனக்குப் பல் செய்யத் தரவில்லை. "யோகா, ஒரு ரோசா இதழ் செய்யும்" என்றார். நான் பகிடி என்று நினைத்தேன். அவர் பீங்கான் தூளையும் பிரஷையும் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகுதான் காரணம் விளங்கினது. முன்பல்லின் நுனியும் பூவிதழின் விளிம்பும் ஒன்று. இரண்டிலும் வெளிச்சம் உள்ளே போய்க் கொஞ்சம் தங்கி வெளியே வரவேண்டும். அப்படி வராவிட்டால் பல் சுண்ணாம்புக் கட்டி, இதழ் கோப்பை ஓடு. மிக மெல்லிய பிளாட்டினத் தாளை அச்சின்மேல் அழுத்தி, வடித்த தண்ணியில் குழைத்த தூளைப் பிரஷால் எடுத்து வைக்கவேண்டும். கடதாசியை ஓரத்தில் தொட்டு ஈரத்தை உறிஞ்ச விடவேண்டும். ஈரம் போகப் போகத் தூள் இறுகும். சூளை வாசலில் வைத்துப் பொறுமையாக உலர்த்தவேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெடிக்கும். சுட்டால் சுருங்கும், அதனால் வேண்டியதைவிடப் பெரிதாகக் கட்டவேண்டும். எவ்வளவு பெரிதாக என்பதைப் புத்தகம் சொல்லும். கை அதை நம்பக் காலம் எடுக்கும்.

நானாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவர் ஒருநாளும் நல்லது என்றோ கூடாது என்றோ சொன்னதில்லை. கொண்டுபோய்க் காட்டினால் யன்னலடிக்குப் போவார். மின்சார வெளிச்சத்தில் பார்க்க மாட்டார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சரியென்றால் "வை" என்பார். சரியில்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் திரும்ப என் உள்ளங்கையில் வைப்பார். அந்த முதல் இதழ் என் கைக்கு எத்தனை தரம் திரும்பி வந்தது என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஒருமுறை ஒரு ரீச்சருக்கு முன்பல் ஒன்று செய்தேன். மாசு மறு இல்லாத பல். எனக்கே பெருமை. நானா யன்னலடியில் பார்த்துவிட்டுக் கையில் திருப்பித் தந்தார். நான் கேட்டேன், "என்ன நானா பிழை?"

"பக்கத்துப் பல்லில ஒரு வெடிப்புக் கோடு இருக்கு. தேத்தண்ணிக் கறை இருக்கு. அதுகளுக்குப் பக்கத்தில இது போய் நிண்டால், நான்தான் பொய்ப்பல்லெண்டு கத்தும்."

அன்றைக்குப் பிறகு கோடும் கறையும் வைத்துப் பல் செய்யப் பழகினேன். எங்கள் வேலை ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் போகிறபோதுதான் அது வேலை. அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

லாப்பில் நானாவின் மேசையில் அவருக்கென்று ஒரு லாச்சி, இழுப்பறை, இருந்தது. ஓய்வு நேரத்தில் செய்த பூக்களை அதில் பஞ்சுக்குள் வைத்திருப்பார். வாப்பாவின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததுகளை நினைவிலிருந்து செய்து பார்ப்பார் என்று நினைக்கிறேன். அவர் அப்படிச் சொன்னதில்லை. எப்படியோ கதை வெளியே போய், உடைந்த பீங்கான் நகைகளை ஆட்கள் கொண்டுவரத் தொடங்கினார்கள். இதழ் உடைந்த சாரிப் பின், விழுந்து நொறுங்கின பதக்கம். பல் வேலைக்கு நடுவே அதையும் செய்தோம். பெரும்பாலும் என் மேசைக்குத்தான் வரும்.

அப்படித்தான் நாகேஸ் அக்கா வந்தா.

சண்டை முடிந்து பத்து வருசமளவில் இருக்கும். வற்றாப்பளைப் பக்கமிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தா. ஐம்பதைக் கடந்த மெலிந்த ஆள். கைப்பையிலிருந்து மாத்திரை போடுகிற ஒரு சின்னக் குளிசைப் போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, பஞ்சை இழுத்து, மேசையில் ஒரு தோட்டை வைத்தா. ஒற்றைத் தோடு.

சுண்டுவிரல் நகத்தளவு ரோசாப்பூ. நடுவில் நல்ல சிவப்பு. வெளியே வர வர வெளிறி, கடைசி இதழ் பால் வெள்ளை. விளிம்புகள் கடதாசியாக மெலிந்திருந்தன. பூதக்கண்ணாடிக்குக் கீழே திருப்பினேன். வெளி இதழின் பின்பக்கத்தில் மெல்லிய கோடுகள் வரிசையாக ஓடின. ஆரோ ஒரு மனிசியின் பெருவிரல் ரேகை. களிமண் பதத்தில் நசிக்கும்போது பதிந்தது, அப்படியே சூளைக்குள் போய் நின்றுவிட்டது.

"இதுக்குச் சோடி செய்யவேணும் தங்கச்சி" என்றா. "அச்சொட்டா இதைப் போல. சின்ன மகளுக்குக் கலியாணம். இது என்ர கலியாணத்துக்கு வாங்கினது. மூத்தவள் பெரியபிள்ளையானதும் அவளுக்குப் போட்டுவிட்டனான்."

"மற்றத் தோடு துலைஞ்சு போச்சோ அக்கா?"

அவா பஞ்சைத் திரும்பப் போத்தலுக்குள் திணித்தா. பிறகு சொன்னா. மூத்த மகள் வாசுகி. கடைசிச் சண்டையில் சனம் வெளியேறி வரும்போது அவளுக்கு ஒரு காது புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது. நடந்துவருகிற வழியில் அந்தப் பக்கத்துத் தோட்டைக் கழற்றி, "இதை வைச்சிருங்கோ அம்மா, காதுப் புண் மாறினாப் பிறகு போடுறன்" என்று கையில் கொடுத்திருக்கிறாள். நாகேஸ் அக்கா அதைச் சீலைத் தலைப்பில் முடிந்திருக்கிறா. பிறகு செல் விழுந்து வெடித்துச் சனம் சிதறினதில் பிரிந்தார்கள். அதற்குப் பிறகு மகளைக் காணவில்லை. அவளைக் கண்டதாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கொரு இடம் சொல்லுகிறார்கள்.

"மற்றது அவளின்ர காதில கிடக்கு" என்றா. "அவள் வரேக்கை அது வரும். அப்ப மூண்டாகட்டும், பரவாயில்லை. ஆனால் சின்னவள் மணவறையில இருக்கேக்கை அக்காவின்ர தோட்டோட இருக்கவேணும். ஒற்றையாப் போட ஏலாதெல்லோ."

நானா எட்டி வந்து தோட்டைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனார். திரும்பி வர நேரமெடுத்தது.

"எங்க வாங்கினது?" என்று கேட்டார்.

"முல்லைத்தீவிலதான். பட்டினத்தில ஒரு முஸ்லிம் ஆக்களின்ர பான்சிக் கடை இருந்தது. இப்ப இல்லை."

நானா தலையாட்டினார். "ஓம். அது எங்கட கடைதான்."

தோட்டை ஒருதரம் திருப்பிப் பார்த்தார். பிறகும் அதை மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். நாகேஸ் அக்கா அவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, "உங்கட வாப்பாவோ வெள்ளைத் தொப்பியோட இருப்பார்?" என்று கேட்டா. நானாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்படிச் சிரித்து நான் அதுவரை கண்டதில்லை. அவ்வளவுதான், வேலை ஒப்புக்கொள்ளப்பட்டது.

அந்த வேலை போலக் கஷ்டமான ஒன்றை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் இல்லை. பல்லுக்கான பீங்கான் தூளில் மஞ்சளும் சாம்பலும் ஒளிந்திருக்கும், பல்லின் நிறம் அதுதானே. அதால் ரோசா கட்டினால் வெளி இதழ் வெள்ளை வராது. முதல் பூவைக் காட்டினபோது நானா வழக்கத்தை மீறி வாய் திறந்தார். "இது பூவில்லை யோகா. பல்லைச் சுருட்டி வைச்ச மாதிரி இருக்கு." ஆக வெளிறின தூளை எடுத்து, கண்ணாடித் தூள் கொஞ்சம் சேர்த்து, சிவப்பை ஒரே தரத்தில் பூசாமல் மூன்று தரம் சுட்டு ஏற்றினேன். இதழ்களைத் தனித்தனியாகச் சுட்டுப் பிறகு நடுவில் ஈரத்தூள் வைத்துச் சேர்த்தேன். சேர்க்கும்போது இரண்டு இதழ் வெடித்தது. திரும்பச் செய்தேன். பழைய பூவில் ஒரு இதழ் மற்றதுகளோடு கோபித்த மாதிரிக் கொஞ்சம் விலகி நின்றது, அதையும் அப்படியே விலக்கினேன். விளிம்பில் காலம் ஏற்றின மங்கலையும் வைத்தேன். சந்தையடியில் நகை செய்கிற பத்தர் தோட்டின் அடித்தண்டும் சுரையும் பழையதைப் பார்த்துச் செய்து தந்தார்.

பல்லில் நான் படித்தது எல்லாம் அதில் போட்டேன். நானா இரண்டையும் யன்னலடிக்குக் கொண்டுபோனார். நின்றார். திரும்பி வந்து "வை" என்றார்.

அதற்கு அடுத்த நாள் காலையில் ஒரு ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சேட்டு, சாரம், வெயிலில் காய்ந்த வயல்காரர். கையில் வெறும் குளிசைப் போத்தல். நாகேஸ் அக்கா தோட்டை எடுத்துத் தந்துவிட்டுப் போத்தலையும் பஞ்சையும் திரும்பக் கொண்டுபோயிருந்தா. அது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது: அவா வீட்டுக்குச் சொல்லாமல் வந்திருக்கிறா.

"நான் தர்மராசா. நாகேஸ்வரியின்ர புருசன். என்ர தோடு எங்க?"

அவரை இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் லேசாக இருந்திருக்கும். காணாமல் போனவர்களைப் பற்றின ஒரு விசாரணைக்கு அவரை வரச்சொல்லி அழைத்திருந்தார்கள். தோட்டை எடுத்துப் போகப் போத்தலைத் திறந்தால் பஞ்சுதான் இருந்திருக்கிறது, மனைவியைக் கேட்டு லாப்பைக் கண்டுபிடித்து வந்திருக்கிறார். அவர் போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை, ஏறாத படி இல்லை. எங்கே போனாலும் மகளின் படத்தோடு தோட்டையும் காட்டுவாராம். படத்தில் பிள்ளை பாவாடை சட்டையோடு சின்னவளாக நிற்கிறாள், ஆள் மாறியிருப்பாள். ஆனால் தோடு மாறாது. இதன் சோடி அவளின் காதில் இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

நான் துணியை விரித்து இரண்டு தோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் குனிந்தார். கையை ஒன்றுக்குக் கொண்டுபோனார், நிறுத்தினார். மற்றதுக்குக் கொண்டுபோனார். கை அந்தரத்தில் நின்றது.

"எது?" என்று கேட்டார்.

பத்து வருசமாகக் கந்தோர் கந்தோராக அவர் காட்டித் திரிந்த தோடு அது. எது மகளுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அவர் கதிரையில் இருந்தார். என் தொழிலில் நான் செய்த ஆகச் சிறந்த வேலை அதுதான். அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

நானா வந்து பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினார். "இந்தக் கோடுகளைப் பாருங்கோ அண்ணை. இது விரலால செய்தது. மற்றது பிரஷால செய்தது, அதில கோடு இல்லை. இதுதான் உங்கட."

தர்மராசா அண்ணை நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை மெதுவாகக் கீழே வைத்தார். "எங்க போனாலும் கண்ணாடியோட போக ஏலுமோ தம்பி? நாளைக்கு ஆராவது ஒரு தோட்டைக் கொண்டுவந்து இது உன்ர பிள்ளையின்ரதோ எண்டு கேட்டால், நான் பார்த்த உடன ஓமெண்டோ இல்லையெண்டோ சொல்ல வேணும். இப்பிடி இன்னொண்டு உலகத்தில இருந்தால், என்ர மனம் எதை நம்பும்? சோடி சேர்ந்திட்டுது எண்டு ஊர் கதைக்கும். பிறகு அவளை ஆர் தேடுவான்?"

அவர் பழைய தோட்டைப் போத்தலில் போட்டார். புதியதைக் காட்டி, "இதை உடைச்சுப் போடுங்கோ" என்றார்.

நானா சொன்னார்: "அண்ணை, செய்யச் சொன்னது அக்கா. அவவைக் கேளாமல் உடைக்கவும் மாட்டன், குடுக்கவும் மாட்டன். ரெண்டு பேரும் வாங்கோ." எழும்பின ஆளைக் கதவுவரை கூட்டிக்கொண்டு போனார். பிறகு ஏதோ யோசித்தவர் போலக் கேட்டார்: "கலியாணப் பொம்பிளை என்ன சொல்லுறா?"

தர்மராசா அண்ணை திரும்பிப் பார்த்தார். "அவளை ஆர் கேட்டது?"

"அப்ப அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அடுத்த கிழமை மூவரும் வந்தார்கள். கணவனும் மனைவியும் பஸ்ஸில் கதைத்துக்கொண்டு வந்திருக்க மாட்டார்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. நடுவில் தர்சினி, சின்ன மகள். முன்பள்ளியில் படிப்பிக்கிற பிள்ளை. அக்கா காணாமல் போகும்போது அவளுக்குப் பதின்மூன்று வயதுகூட இல்லை.

நாகேஸ் அக்கா உட்காருமுன்னமே தொடங்கினா. "நான் களவெடுக்கேல்லை. என்ர தோடுதான். ரெண்டு பிள்ளையையும் நான்தான் பெத்தனான். ஒண்டைத் தேடித் தேடி மற்றது எப்ப வளர்ந்ததெண்டே எங்களுக்குத் தெரியாமல் போச்சு. அவளின்ர பிறந்தநாளில இவர் வீட்டில நிண்டதில்லை. பள்ளிக்கூடச் சோதினைக்குப் போகேக்கை கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. ஒரு நாள், அந்த ஒரு நாளாவது, ரெண்டு பிள்ளையும் ஒண்டா இருக்கிற மாதிரிப் பார்க்க ஆசைப்பட்டன். அது பிழையோ?"

தர்மராசா அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிழையெண்டு நான் சொல்லேல்லை" என்றார். "எனக்கு எது அவளின்ரது எண்டு தெரியாமல் போச்சு நாகேஸ். ரெண்டையும் வைச்சுப் பார்த்தன். தெரியாமல் போச்சு."

அவா அதை எதிர்பார்க்கவில்லை. கணவனுக்குப் பக்கத்துக் கதிரையில் போய் உட்கார்ந்தா.

தர்சினிதான் பேசினாள். "அம்மா, நான் அந்தத் தோட்டை ஒருநாளும் கேட்கேல்லை."

"நீ கேட்க மாட்டாய். எனக்குத் தெரியும்."

"இல்லையம்மா. எனக்கு அது வேண்டாம். அது அக்காவின்ர. அவா வந்து போடட்டும்." தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சின்னனிலயிருந்து எனக்கு அக்காவின்ர சட்டை, அக்காவின்ர புத்தகப் பை, அக்காவின்ர சைக்கிள். நான் அதில கவலைப்படேல்லை. ஆனால் கலியாணத்துக்கு எனக்கெண்டு ஒரு சோடி வேணும். புதுசா."

தாயும் தகப்பனும் அவளை அப்போதுதான் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நானா தன் லாச்சியை இழுத்துத் திறந்தார். அதை வெளியாட்களுக்கு அவர் திறந்ததை நான் கண்டதில்லை. பஞ்சுக்குள் ரோசா, மல்லிகை, தாமரை மொட்டு, பேர் தெரியாத பூக்கள். "எது பிடிக்குதோ சொல்லுங்கோ" என்றார்.

தர்சினி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கை வைக்கவில்லை, குனிந்து பார்த்தாள். கடைசியில் கேட்டாள், "நந்தியாவட்டை செய்வீங்களோ?" அது லாச்சிக்குள் இல்லை. எங்கள் வீடுகளின் வேலியோரம் எல்லாம் நிற்கிற வெள்ளைப்பூ, அதைக் காதில் போட ஒருவரும் யோசித்ததில்லை. நானா என்னைப் பார்த்தார். "செய்யலாம்" என்றேன்.

மிச்சமாக அந்தப் புது ரோசா துணியில் கிடந்தது. உடைக்கிறதா என்று தர்மராசா அண்ணையும் கேட்கவில்லை. நாகேஸ் அக்கா அதைக் கையில் எடுத்து வைத்திருந்தா, வைக்க மனம் வரவில்லை. நான் சொன்னேன்: "அக்கா, இதைத் தோடாக விடாமல் வேற ஒண்டாக்கட்டோ? தண்டை வெட்டிப் போட்டு, ரெண்டு பச்சை இலை சேர்த்துச் சுட்டு, சாரிப் பின்னாக்கலாம். பிறகு ஒருத்தரும் இதைத் தோடெண்டு சொல்ல ஏலாது. கலியாணத்துக்கு நீங்கள் குத்துங்கோ."

அவா கணவனைப் பார்த்தா. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தோடில்லையெண்டால் எனக்குப் பிரச்சினை இல்லை" என்றார். பிறகு, மனைவியிடம் மட்டும், தணிந்த குரலில்: "இலை பெரிசா வைக்கச் சொல்லு."

இலைகளைப் பெரிதாகவே வைத்தேன். நந்தியாவட்டைக்கு எங்கள் வீட்டு வேலியிலிருந்து பூப் பிடுங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்துச் செய்தேன். காற்றாடி போல ஒருபக்கம் திரும்பின இதழ்கள். வெள்ளை மட்டும், வேறு நிறமே இல்லை. அதில் பிழையை ஒளிக்க இடமில்லை. நானா யன்னலடியில் பார்த்து "வை" என்றதோடு நிற்காமல், இரண்டையும் தானே பஞ்சில் வைத்துக் கட்டினார்.

கலியாணத்துக்கு எங்கள் இருவருக்கும் சொல்லியிருந்தார்கள். வீட்டுப் பந்தலில் நடந்தது. தர்சினி தலை திருப்பும்போதெல்லாம் காதில் வெள்ளைப்பூ வெளிச்சத்தை உள்ளே வாங்கினது. நாகேஸ் அக்காவின் தோளில் ரோசா இரண்டு பச்சை இலையோடு. வந்த பெண்கள் எல்லாம் அவாவிடம் அது எங்கே வாங்கினது என்று கேட்டார்கள். தர்மராசா அண்ணை வேட்டி சால்வையோடு எல்லோரையும் சாப்பிட இருத்திக்கொண்டிருந்தார். என் இலையில் பாயாசம் விட்டவரும் அவர்தான். "எங்கட சின்னவள் கேட்டதைச் செய்து தந்தனீங்கள்" என்றார். அதுவரை அவர் வாயில் சின்னவள் என்ற சொல்லை நான் கேட்டதில்லை.

கதை அங்கே முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முந்தி ஒருநாள் பின்னேரம் தர்மராசா அண்ணை லாப்புக்கு வந்தார். நானா அப்போது வேலையை மகளிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். அண்ணை முன்னரைவிடக் கூனியிருந்தார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். தர்சினிக்கு ஆண்பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கிவிட்டான் என்றார், படம் காட்டினார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

ஒரு இடத்தில் நிலம் வெட்டும்போது எலும்புகளும் சில சாமான்களும் எடுத்திருந்தார்களாம். பிள்ளைகளைக் காணாமல் தேடுகிறவர்களை வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அவர் அங்கே போய்விட்டு வருகிற வழி.

"சாமானெல்லாம் மேசையில பரப்பியிருந்தது. சட்டைத் துண்டு, செருப்பு, சீப்பு. அதுக்குள்ள ஒரு தோடு. பூத் தோடு. மண்ணும் கறையுமாய்."

நான் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்தேன்.

"போத்தலைக் கையில எடுத்தன் தங்கச்சி. கிட்டப் போய்ப் பார்த்தன். பார்த்த உடனயே தெரிஞ்சிட்டுது. எங்கடதில்லை. போத்தலைத் திறக்கவும் தேவையில்லாமல் போச்சு. பக்கத்தில நிண்ட ஒரு அம்மாதான் தன்ர மகளின்ரதெண்டு அதைத் தூக்கினவ." கோப்பையைத் திருப்பி வைத்தார். "அவவைப் பிடிச்சுக்கொண்டு வெளியில கூட்டி வந்தன். தண்ணி வாங்கிக் குடுத்தன். அவவின்ர மகன் வரும் மட்டும் பக்கத்தில இருந்தனான்."

தேத்தண்ணி ஆறிப்போனது. அவர் எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"எங்கடதில்லையெண்டதும் முதல் வந்தது நிம்மதி. பிறகு அந்த அம்மாவைப் பார்க்கேக்கை, அவவுக்கு ஒரு முடிவு கிடைச்சிட்டுதே எண்டு ஒரு நினைப்பும் வந்தது. அப்பிடி நினைச்சதுக்கு எனக்கு வெக்கமாப் போச்சு. இப்ப வீட்டை போய் நாகேசுக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. அதுதான் இஞ்ச வந்தன்."

எனக்குத் தெரிந்ததெல்லாம் பல்லும் பூவும்தான். ஆனாலும் கேட்கிறார், பதில் சொல்லவேண்டும்.

"நடந்ததைச் சொல்லுங்கோ அண்ணை. எங்கடதில்லையெண்டு சொல்லுங்கோ. அந்த அம்மாவோட இருந்தனான் எண்டும் சொல்லுங்கோ. அக்கா விளங்கிக்கொள்ளுவா."

"ஓம்" என்றார். "அதையும் சொல்லத்தான் வேணும்."

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு அவரோடு பஸ் நிலையம் வரை நடந்தேன். வழியில் பேரனுக்கென்று ஒரு சின்னப் பந்து வாங்கினார். இருக்கை பிடித்து யன்னலோரமாக இருந்ததும் எனக்குக் கை காட்டினார். பஸ் வெளிக்கிடும் மட்டும் நான் அங்கேயே நின்றேன்.